வாலுக்குச் சர்க்கரை

“சர்க்கரை ஒட்டலன்னா அதுக்கு வாலே இல்லண்ணே.”

ஈப்போவில் வயிற்று மருத்துவரின் கிளினிக்கில் என் எண்ணுக்காகக் காத்திருந்தேன். பின்வரிசையில் ஒரு பெண் தன் அண்ணனிடம் பேசிக்கொண்டிருந்தாள். அவர்களுடைய தாயார் மருத்துவரின் அறைக்குள் இருந்தார்.

“எதுக்கு?”

“அம்மா வயித்துப் புண்ணுல இருக்கிற கிருமிக்குத்தான். வாலோட புரதத்துல அது சர்க்கரைய ஒட்டுது. ஒட்ட விடாம பண்ணிட்டா வாலு வளராது, நீந்தவும் முடியாது. அதுக்குத்தான் லேப்ல மருந்து தேடுனோம்.”

“தேடுனோமா? இப்ப தேடலயா?”

“கண்ணாடித் தட்டுல கிருமி நீந்துறது நின்னுருச்சு. எலி வயித்துல நிக்கல. புரொபசர் ஆராய்ச்சிய மூடிட்டாரு.”

“பாகூஸ் லா, ரொம்ப நல்லாருக்கு! மக மருந்து கண்டுபிடிக்குதுன்னு அம்மா கோயில்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டாங்க. நான் வேலைக்கு லீவு போட்டு பாரிட் புந்தார்லருந்து அவங்கள ஏத்திக்கிட்டு வாரேன். நீ எலிக்கு வைத்தியம் பாத்தியா?”

“எலிக்கும் கேக்கலண்ணே.”

அண்ணன் குரலைத் தாழ்த்தினான்.

“இன்னிக்காச்சும் அம்மாகிட்ட சொல்லிடு.”

“நீயே சொல்லு. என்னால முடியாது.”

கதவு திறந்தது. தாயார் சுவரைப் பிடித்தபடி வந்தார்.

“ரெண்டு தடவ மருந்து மாத்தியும் கிருமி சாகலையாம். போவுது, நம்ம பாப்பா மருந்து வந்துரும்ல?”

தங்கை தரையைப் பார்த்தாள். அண்ணன் எழுந்து தாயாரின் கையைப் பிடித்துக்கொண்டான்.

“வந்துரும்மா. லேப்ல அது நீந்த முடியாம கெடக்குதாம்.”