மர்வா ஏறாத தோள்

முஸ்அப்: மச்சான், படகு அலையாத்திக் காட்டுக்குள்ளயே போயிருச்சு. இன்னும் இங்கன வரைக்கும் கேக்குது உங்க மக அழுகை.

அஜீஸ்: கேக்குது மாப்ள.

முஸ்அப்: மூணு வயசுப் புள்ள, வாப்பா தோளுல ஏறித்தான் கொக்கு பாப்பேங்குது. நீங்க என்னடான்னா அதைப் பெத்த எங்க ராத்தா கையில குடுத்துட்டு, அடுத்த படகுல வாறேன்னு நிக்கிறீக. அதுவும் இந்த வெயில்ல முழுக்கைச் சட்டை, கழுத்து வரைக்கும் பட்டன்...

அஜீஸ்: ஒன்றரை மாசமா வழி தேடுறேன். கிடைக்கல.

முஸ்அப்: எதுக்கு?

அஜீஸ்: அவளைத் தூக்குறதுக்கு.

முஸ்அப்: அதுக்கு என்ன வழி... குனியணும், தூக்கணும்.

அஜீஸ்: தோளுல மருந்து இருக்கு.

முஸ்அப்: படையா?

அஜீஸ்: படையும் இல்ல, சொறியும் இல்ல. ஜெல்லு. தெனமும் காலையில குளிச்சுட்டுத் தடவுறேன். டெஸ்டோஸ்டிரோன், ஆம்பளை ஹார்மோன்.

முஸ்அப்: க்ஹும்... க்ஹும்...

அஜீஸ்: சிரிக்கிறதுன்னா சிரிச்சுரு.

முஸ்அப்: சிரிக்கல மச்சான். இருமல்.

அஜீஸ்: ரெண்டு வருசமா ஆளே சரியில்லடா. ஏணியில நின்னு ஏசி கழட்டும்போதே கண்ணு சொக்குது. உங்க ராத்தா ஒரு பேச்சு ஆரம்பிச்சு முடிக்கிறதுக்குள்ள குறட்டை. அவதான் ராமநாதபுரத்துக்கு டாக்டர்கிட்ட இழுத்துட்டுப் போனா.

முஸ்அப்: காலையிலதான ரத்தம் எடுத்தாக? ரெண்டு தடவை?

அஜீஸ்: ஆமா, எட்டு மணிக்கு. அப்பத்தான் அது உச்சத்துல இருக்குமாம். ரெண்டு தடவையும் கொறச்சல். அப்பறம் டாக்டர் மொதல்ல கேட்டது என்ன தெரியுமா? இன்னும் புள்ள வேணுமான்னு.

முஸ்அப்: என்ன சொன்னீக?

அஜீஸ்: மூணு இருக்கு, அல்ஹம்துலில்லாஹ், போதும்னேன். ஏன் கேட்டாரு... சரி, நீயும் ஏசி மெக்கானிக்குதான. தெர்மோஸ்டாட் முன்னால ஐஸ்கட்டிய வச்சா என்னாகும்?

முஸ்அப்: ரூம் குளுந்துருச்சுன்னு நெனச்சு கம்ப்ரஸர் நின்னுரும்.

அஜீஸ்: அதேதான். மூளைதான் தெர்மோஸ்டாட். மருந்து வெளியிலேருந்து வந்தா, வேண்டியது இருக்குன்னு நெனச்சு, கீழ உள்ள கம்ப்ரஸரை நிப்பாட்டச் சொல்லிரும். விந்தணுவும் கொறஞ்சுரும். புள்ள வேணும்னா இதைத் தர மாட்டாகளாம், வேற வைத்தியமாம்.

முஸ்அப்: கீழ உள்ள... கம்ப்ரஸர்...

அஜீஸ்: இது இருமல் இல்ல. டிக்கெட் குடுக்குறவரு பாக்குறாருல.

முஸ்அப்: சரி, சரி. இப்ப ஆளு எப்புடி?

அஜீஸ்: நேத்து ஒரு அவுட்டோர் யூனிட்ட ஒத்தையா ரெண்டு மாடி ஏத்துனேன். காலையில அலாரத்துக்கு முன்னால முழிப்பு வருது. உங்க ராத்தா அடுப்படியில பாட்டுப் பாடுறா...

முஸ்அப்: மச்சான், அவ என் கூடப்பொறந்தவ. அங்கனயே நிப்பாட்டுங்க.

அஜீஸ்: நீதான கேட்ட.

முஸ்அப்: ரத்தம் கெட்டியாகுதான்னு அப்பப்பப் பாக்கச் சொன்னாகளா?

அஜீஸ்: சொன்னாக. அது எப்புடி உனக்கு...

முஸ்அப்: எங்கயோ படிச்சேன். நீங்க தோளுக்கு வாங்க.

அஜீஸ்: அந்த ஜெல்லு அடுத்தவுக மேல பட்டா, அவுக உடம்புக்குள்ளயும் போயிரும். சின்னப் புள்ளைக்கு வேண்டாத எடத்துல முடி முளைக்குமாம். நல்லாக் காயவிட்டு, சட்டை போட்டு மூடிக்கங்கன்னாரு. ஆனா மர்வாவை நீ பாத்துருக்கல்ல? காலருக்குள்ள கையை விட்டு, தோளைத் தடவிக்கிட்டேதான் உக்காருவா. தூங்குறதும் அப்புடித்தான்.

முஸ்அப்: கழுவிட்டுத் தூக்குங்க.

அஜீஸ்: சோப்புப் போட்டுக் கழுவலாம். ஒரு நாளு மறந்துட்டேன்னா? தெனமும் இருவது தடவை ஏறுவாளே. இப்ப என்ன சொல்லுறா தெரியுமா... வாப்பாவுக்கு என்னையப் புடிக்கலையாம். மருந்தை நிப்பாட்டிரலாமான்னு இருக்கு மாப்ள. பழைய தூங்குமூஞ்சியாவே இருந்துட்டுப் போறேன்.

முஸ்அப்: நிப்பாட்ட வேணாம். ஊசிக்கு மாறிக்கங்க.

அஜீஸ்: ஊசியா?

முஸ்அப்: மூணு மாசத்துக்கு ஒருக்கா. இடுப்புல போட்டு விட்டுருவாக. தோலுல ஒண்ணும் ஒட்டாது, யாரு மேலயும் படாது.

அஜீஸ்: ஏலே... இது எங்கயோ படிச்சவன் பேசுற பேச்சு இல்லையே.

முஸ்அப்: போன நோன்புக்கு முன்னாலேருந்து நான் அந்த ஊசிதான் போடுறேன் மச்சான். ரெண்டு நாளைக்கு உக்காந்தா வலிக்கும், அவ்வளவுதான். நாளைக்கு என் டாக்டர்கிட்ட நானே கூட்டிட்டுப் போறேன், ஜெல்லை விட்டு ஊசிக்கு மாத்திக்கங்க. அதுக்கப்பறம் உங்க மக காலருக்குள்ள ரெண்டு கையையும் விடட்டும்.