நல்லம்மாள் தூக்கிச் சென்ற பிள்ளை

— மத்தவங்க எல்லாம் சாப்பிடப் போயிட்டாங்களேக்கா. நீங்க மட்டும் ஏன் இந்த வெயில்ல நிக்கிறீங்க?

— இந்தச் சிமிந்தித் தரைதான் ஆயாக் கொட்டாயா, தம்பி?

— இதேதான்லா. ரப்பர் தோட்டத்துல தாய்மாருங்க பாலெடுக்க மரம் வெட்டப் போறப்ப பிள்ளைங்கள இங்க ஆயாகிட்ட விட்டுட்டுப் போவாங்க. இப்ப சுத்தி எல்லாம் தாமான் வீடு, புதுக் குடியிருப்பு. இந்தத் தரை மட்டும்தான் மிச்சம்.

— அந்த நல்லம்மாள் ஆயா கதைய மைக்ல சொன்னீங்களே...

— அதுவா! மாசா மாசம் இந்த ஊரச் சுத்திக் காட்டுறேன்லா. கோயில் கதை, கள்ளுக்கடைக் கதை, எத்தனையோ இருக்கு. ஜனங்களுக்கு என்னமோ இதுதான் பிடிக்குது. அடுத்த வாரம் இங்க ஒரு பலகை வேற வைக்கிறோம், இந்தக் கதைய எழுதி.

— அவங்க பேரப் போட்டா?

— பேர் இல்லாம என்ன வரலாறுக்கா?

— நான் ஜார்ஜ் டவுன்லேருந்து வரேன், குணாளன் தம்பி. என் பேரு ஜெகதீஸ்வரி. நல்லம்மாள் எங்கம்மா.

— விளையாடாதீங்கக்கா.

— போன மாசம் தவறிட்டாங்க. அவங்க இருந்த வரைக்கும் இந்தப் பக்கம் வரவே விடல. யாரோ வாட்சாப்ல உங்க வீடியோவ அனுப்பி வச்சாங்க. "இது உங்கம்மா கதையா"ன்னு கேட்டு.

— அப்ப நானும் சொல்லிடுறேன். வெள்ளத்துல போன பையன் அர்ச்சுனன்னு சொன்னேன்ல? அது எங்கண்ணன். நான் அதுக்கப்புறம் பொறந்தவன்.

— தெரியும் தம்பி. விசாரிச்சுட்டுத்தான் வந்தேன்.

— தெரிஞ்சே வந்தீங்களா? என்ன, பலகைய வைக்காதேன்னு சொல்லவா?

— வைங்க. "தன் பிள்ளைய மட்டும் தூக்கிட்டு ஓடிட்டா"ன்னு சொன்னீங்களே, அது மட்டும் வேணாம்.

— அது பொய்யாக்கா? அன்னைக்கு மழைன்னு மத்தவங்க யாரும் பிள்ளைய விடல. எங்கம்மா மட்டும்தான் விட்டுட்டுப் புல்லு வெட்டப் போனாங்க. கொட்டாயில ரெண்டே பிள்ளைங்க. எங்கண்ணனும் ஆயாவோட மகளும். ஆத்துத் தண்ணி உள்ள ஏறிடுச்சு. எங்கம்மா ஓடியாந்து பாக்குறாங்க, உங்கம்மா மேட்டுல உக்காந்திருக்காங்க. மடியில அவங்க பிள்ள. எம்புள்ள எங்கடின்னு கேட்டா ஒரு வார்த்தை... ஒரு வார்த்தை பேசலக்கா!

— பேச முடியல தம்பி.

— எங்கம்மா மண்ண வாரித் தூத்துனாங்க. லயத்து வீட்டு ஜனம் மொத்தமும் சேர்ந்து, இங்க இருக்காதே போன்னு அப்பவே வெரட்டிச்சு. எங்கம்மா செஞ்சது தப்பா? நீங்களே சொல்லுங்க.

— தப்புன்னு நான் சொல்லவே இல்லையே. அம்மா ரெண்டு பிள்ளையையும்தான் தூக்கினாங்க, தம்பி. இடுப்புக்கு ஒண்ணா. பாலத்துக்கிட்ட வர்றப்ப தண்ணியில ஒரு கட்டை அடிச்சிக்கிட்டு வந்து வலது கையில மோதிருச்சு. கை ஒடஞ்சு தொங்கிடுச்சு. அந்தக் கையில இருந்தது உங்கண்ணன்.

— உங்கம்மா சொன்னத வச்சு நான் எப்படி நம்புறது?

— நம்ப வேணாம். பேர மட்டும் எடுத்துடுங்க, போதும்.

— இங்கேருந்து போய் என்ன பண்ணாங்க?

— ஜார்ஜ் டவுன்ல, கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் ரோட்டுல சீனி முகம்மதுன்னு ஒருத்தர் நாசி கண்டார் சோத்துக் கடை வச்சிருந்தாரு. அங்கதான் அம்மா வேலை செஞ்சாங்க. இடது கையாலயே வெங்காயம் உரிச்சு, அரிஞ்சு என்ன வளத்தாங்க. வலது கைக்கு என்ன ஆச்சுன்னு யாராச்சும் கேட்டா, கால் தடுக்கி விழுந்துட்டேன்னு சொல்லிடுவாங்க. கடைசியா குளிப்பாட்டுறப்ப அந்தக் கைய நிமித்திப் பாத்தேன், தம்பி. நிமிரவே இல்ல.

— கை ஒடஞ்சத யாருமே எங்ககிட்ட சொல்லலையேக்கா.

— யாரு பாத்தா? எல்லாரும் மடியில இருந்த பிள்ளையத்தானே பாத்தாங்க.

— இப்படி நிழலுக்கு வாங்கக்கா. உக்காருங்க. எங்கம்மா உங்கம்மாவத் திட்டாத நாளே கிடையாது. சாமி கும்புடுறப்பகூடத் திட்டுவாங்க. ஆனா ஆஸ்பத்திரியில, கடைசி நேரத்துல, என்ன கேட்டாங்க தெரியுமா? "அந்தப் பொண்ணு இப்ப எங்கடா இருக்கும்? கல்யாணம் ஆகி, பேரப்பிள்ள எடுத்திருக்கும்ல? அர்ச்சுனன் வயசுதாண்டா அதுக்கும்." இப்ப நீங்க வந்து நிக்கிறீங்க.

— தம்பி, நான்...

— மாத்தி எழுதுறேன்க்கா. ரெண்டு பிள்ளையையும் தூக்கினாங்க, ஒரு பிள்ளையக் காப்பாத்திட்டாங்கன்னு எழுதுறேன். உங்க பேரையும் போடுறேன்.

— என் பேரு வேணாம்.

— ஏன்க்கா? அவங்க காப்பாத்தின பிள்ள நீங்கதானே?

— இல்ல தம்பி. அது எங்கக்கா, தவமணி. நான் அந்த வெள்ளத்துக்கு மூணு வருஷம் கழிச்சுப் பொறந்தவ.

— ஐயோ, அவங்களையும் கூட்டிட்டு வந்திருக்கலாமேக்கா! எங்க இருக்காங்க?

— எங்கப்பா அன்னைக்கு லோரி எடுத்துட்டு ஈப்போ போயிருந்தாரு. இங்கேருந்து வெரட்டுனதும் அம்மா தனியா, அந்த ஒடஞ்ச கையோட, புக்கிட் மெர்தாஜாம் வரைக்கும் மழையிலயே நடந்திருக்காங்க. தண்ணி குடிச்ச பிள்ள. காய்ச்சல் வேற. ரயில் ஸ்டேஷன் பெஞ்சில, அம்மா மடியிலயே முடிஞ்சிருச்சு.

— என்னக்கா சொல்றீங்க... அத ஒருத்தர்கிட்டயாவது சொல்லி விட்டிருக்கலாமே! தெரிஞ்சிருந்தா எங்கம்மா வாழ்நாள் முழுக்க அப்படித் திட்டியிருப்பாங்களா?

— நானும் அம்மாகிட்ட அதையேதான் கேட்டேன். "பிள்ளையப் பறிகொடுத்தவடி அவ. நம்ம பிள்ள எங்கியோ உசுரோட இருக்குன்னு நினைச்சு திட்டிட்டே இருக்கட்டும். தான் வெரட்டுனதாலதான் அது செத்துச்சுன்னு தெரிஞ்சா, தாங்க மாட்டா"ன்னாங்க.