நாலு இழுப்பு

இரவு மணி ஒன்று பத்து. ஆம்பூர் ஸ்டேஷனில் இறங்கியது இன்பராஜ் ஒருத்தன்தான். வெளியே ரிக்‌ஷா இல்லை, டீக்கடை இல்லை... தோல் பதனிடும் ஷாப்புகளின் சுண்ணாம்பு வாடை மட்டும் வழக்கம்போல் மூக்கில் ஏறியது.

நம் ஷூ கம்பெனி தையல் லைனில் மூன்றாம் மிஷினில் உட்காருகிறாளே மெர்சி, அவளுடைய பெரியம்மா மகன்தான் இந்த இன்பராஜ். போன கரண்ட் வருவதற்குள் கதை முடிந்துவிடும். பாத்ரூம் போகிறவர்கள் இப்போதே ஜோடியாகப் போய்விட்டு வந்துவிடுங்கள். அப்புறம் கூப்பிட்டால் துணைக்கு யாரும் வரமாட்டார்கள்.

தொண்ணூற்றொன்பது நவம்பர். அவன் தோளில் இரண்டு பைகள். ஒன்று அவனுடையது. இன்னொன்று முனீர் அகமதுவுடையது. முனீர் வரவில்லை. எப்படிச் செத்தான் என்ற உண்மையை அவனுடைய அம்மா அன்வரி பேகத்திடம் சொல்லத்தான் இவன் போய்க்கொண்டிருந்தான்.

இரண்டு பேரும் உயிர் தோஸ்த். பாலாற்றில் நீந்தத் தண்ணீர் ஏது... விண்ணமங்கலம் பக்கம் ஒரு வயல் கிணற்றில் குதித்து நீச்சல் பழகியவர்கள். தோல் ஷாப்பில் டிரம்மில் தோல் ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தார்கள். பம்பாய் கடலில் எண்ணெய்க் கிணறுகளுக்கு டைவர் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு ஒன்றாகக் கிளம்பினார்கள்.

அந்த வேலையில் எடுத்ததும் யாரையும் தண்ணீரில் இறக்கமாட்டார்கள். முதலில் கப்பலில் நின்று, கீழே இருப்பவனின் பெல்ட்டில் கட்டிய கயிற்றைப் பிடிக்க வேண்டும். இரண்டு மூன்று வருடம் ஒழுங்காகப் பிடித்தால் டைவர். அதற்கும் மேலே சூப்பர்வைசர். முனீர் கெட்டிக்காரன், சீக்கிரம் டைவராகிவிட்டான். அவன் இறங்குவான், இன்பராஜ் பிடிப்பான்.

கயிற்றுக்கு ஒரு பாஷை உண்டு. ஒரு இழுப்பு என்றால், நல்லா இருக்கியா? நாலு இழுப்பு என்றால், என்னை மேலே தூக்கு. எத்தனை வந்தாலும் அதையே திருப்பி இழுக்க வேண்டும். அப்போதுதான் புரிந்தது என்று அர்த்தம். பதில் வராவிட்டால் வரும்வரை இழுத்துக்கொண்டே இருப்பார்கள். கயிறு கையில்தான் இருக்க வேண்டும். எதிலும் கட்டவே கூடாது.

கப்பலில் தினமும் காலையில் பாதுகாப்பு மீட்டிங் உண்டு. எல்லோரும் கையெழுத்துப் போடுவார்கள். விபத்தில்லாத நாட்கள் 412 என்று ஒரு பலகைகூட மாட்டியிருந்தார்கள். அன்றைக்கு முனீரின் ஹெல்மெட் போன் வேலை செய்யவில்லை. போன் இல்லாமல் இறங்கக் கூடாது. அவசரம் என்றார்கள், இறங்கினான்.

மணி மூன்று. சூப்பர்வைசர் இன்பராஜைக் கூப்பிட்டார். அவனை டைவராக்கும் பேப்பர் வந்திருந்தது. கரைக்குப் போகிற படகு கிளம்பப் போகிறது, ஓடி வந்து கையெழுத்துப் போடு என்றார். இரண்டு நிமிஷ வேலை. மற்றவர்களும் செய்வதுதான். கயிற்றைக் கைப்பிடிக் கம்பியில் கட்டிவிட்டுப் போனான்.

திரும்பி வந்தபோது முடிச்சு கல்லாக இறுகிக் கிடந்தது. விரலால் அவிழ்க்க முடியவில்லை. கத்தியால் அறுத்தான். இழுத்தான்... கயிறு லேசாக வந்தது. நுனியில் வெறும் பெல்ட். காற்றுக் குழாய் தனியாக அறுந்து வந்தது.

மூன்று நாள் தேடினார்கள். உடல் கிடைக்கவில்லை. டைவர் தானே பெல்ட்டைக் கழற்றிவிட்டான் என்று எழுதினார்கள். அப்படி எழுதினால் அது விபத்தாகாதாம். கயிறு கடைசிவரை என் கையில்தான் இருந்தது என்று டைப் அடித்த பேப்பரில் இன்பராஜும் கையெழுத்துப் போட்டான். பலகையில் எண் நிற்காமல் ஏறிக்கொண்டுதான் இருந்தது.

ஆம்பூரில் அந்த ராத்திரி தெருவே இருட்டு. அன்வரி பேகத்தின் வீட்டில் மட்டும் விளக்கு எரிந்தது. வாசற்படியில் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இவன் வாயைத் திறப்பதற்குள் அவரே பேசினார்.

“வா பேட்டா. அந்த வேலல இருந்தவன் நீ, உனக்குத்தான் தெரியும். அன்னிக்கு மூணு மணிலேர்ந்து என் கைய எதுவோ இழுக்குது. நாலு தபா இழுக்குது, நிக்குது. மறுபடி நாலு தபா. இது இன்னா?”

மணிக்கட்டைச் சுற்றி மெல்லியதாக ஒரு சிவப்புக் கோடு. ஈரமாக இருந்தது.

இன்பராஜுக்கு அர்த்தம் தெரியும். பெற்றவளிடம் அதை எப்படிச் சொல்வது...

“நல்லா இருக்கேன்னு சொல்றான், அம்மி.”

பதிலுக்கு நான் என்ன செய்யட்டும் என்று கேட்டார். அதே மாதிரி நாலு தபா திருப்பி இழுங்க என்றான். யோசித்துச் சொன்னதல்ல. பழகிய வாய், தானாக வந்துவிட்டது. அவர் கையை நீட்டி வெறும் காற்றை நாலு தடவை இழுத்தார். முகம் தெளிந்தது. ஒரு வாரம் கழித்து அன்றைக்குத்தான் இரண்டு வாய் சாப்பிட்டார்.

உண்மையைச் சொல்லாமலே எழுந்து வந்துவிட்டான். இன்பராஜ் கடலுக்குத் திரும்பவில்லை. ஷூ கம்பெனியில் பெட்டி கட்டப் போனான்.

இறந்தவனுக்காக ஓதும் நாற்பதாம் நாள் ஃபாத்திஹாவுக்குத் தெருப் பெண்கள் போனபோது அன்வரி பேகம் கதவைத் திறக்கவில்லையாம். என் பிள்ளை தினமும் ராத்திரி நல்லா இருக்கேன் என்று சொல்கிறான், ஃபாத்திஹா யாருக்கு என்று உள்ளேயிருந்தே கேட்டாராம். அதைக் கேட்ட இன்பராஜ், மகனுக்காக அழக்கூட விடாமல் செய்துவிட்டோமே என்று அன்றிரவே போனான். அவர் காலடியில் உட்கார்ந்தான்.

“அம்மி, கயிறு என் கைல இல்ல. கட்டி வெச்சிட்டுப் போய்ட்டேன். நாலு இழுப்புன்னா நல்லா இருக்கேன்னு இல்ல... மேல தூக்குன்னு அர்த்தம்.”

அவர் திட்டவில்லை. அழவில்லை. மணிக்கட்டைத் தடவிப் பார்த்தார்.

“இன்னிக்கு இழுக்கல பேட்டா. சாயங்காலத்துலேர்ந்து லூசா கெடக்குது.”

இன்பராஜுக்கு அப்போதுதான் உறைத்தது. நாலுக்கு நாலு பதில் கொடுத்தால், தூக்குகிறோம் வா என்று அர்த்தம். இத்தனை ராத்திரியும் அந்தத் தாய் அதைத்தான் சொல்லியிருக்கிறார். டைவர் மேலே வந்து ஏணியைப் பிடித்த பிறகுதான் கயிறு தளரும்.

சுண்ணாம்பு வாடை சட்டென்று நின்றது. உப்பு... டீசல்... வாசலுக்கு வெளியே இரும்பு ஏணியில் ஈரக்கால் வைக்கும் சத்தம். டங். கொஞ்சம் பொறுத்து, டங். அந்த வீட்டில் ஏணியே கிடையாது.

அன்வரி பேகம் கொடியிலிருந்து ஒரு துண்டை எடுத்தார். கதவைத் திறந்தார்.

“ஏன்டா இவ்ளோ நேரம்?”

இன்பராஜ் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். தரையில் சொட்டுச் சொட்டாக நீர் விழும் சத்தம்... யாரோ துண்டை வாங்கித் தலை துவட்டும் சத்தம். அப்போது அவனுடைய வலது மணிக்கட்டில் மெதுவாக, ஒரே ஒரு இழுப்பு.

நல்லா இருக்கியா?

எட்டு வருஷம் ஆகிறது. அன்வரி பேகம் அதற்கப்புறம் ஒரு நாளும் கை இழுக்கிறது என்று சொன்னதில்லை. இன்பராஜ் பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நிற்கும்போதுகூட அவன் வலது கை திடீரென்று ஒரு தரம் முன்னால் போய்வருமாம். மெர்சியே பார்த்திருக்கிறாள். பதில் வரும்வரை கேட்பார்கள் என்பதுதானே முறை.

அவன் இன்னும் திருப்பி இழுக்கவில்லை.