இடி யாரு மேலங்க?

செல்லாதுங்க. நீங்க எத்தன மொற படியேறி எறங்குனாலும் அது செல்லாதுங்க. மொதல்ல அந்தச் சேர்ல உக்காருங்க, மூச்சு வாங்குது பாருங்க. எங்கண்ணன் வம்சியும் உங்க சிநேகிதரு அய்மனும் மாடியிலயே சீட்டோட இருக்கட்டும். வம்சி தோத்தாலும் கத்துவான், ஜெயிச்சாலும் கத்துவான், அதையெல்லாம் கண்டுக்காதீங்க. நான் இந்தச் சேலைக்கு ஃபால்ஸ் தெச்சுக்கிட்டே தீர்ப்புச் சொல்றேன், தப்பில்லீங்களே? யாரு சேலைங்களா? அது பொறவு சொல்றேன்.

கேஸத் திருப்பிச் சொல்றேன், சரியான்னு பாருங்க. நீங்க இடிச் சீட்ட எறக்குனீங்க. எதிராளியோட ஆளுகள்ல ஒண்ணச் சாய்க்கற சீட்டு அது. எங்கண்ணன் முன்னால மூணு ஆளுச் சீட்டு வரிசையா நிக்குது. வேலுக்காரன், ராட்சசன், பறக்கற பாம்பு. எது மேல போடறோம்னு பேரு சொல்லிக் கை காட்டோணும், அதுதான் ஆட்டம். நீங்க என்ன சொன்னீங்க? ஒரு இடி விழுகுதுங்க வம்சி, தப்பா நெனச்சுக்காதீங்கன்னு சொன்னீங்க. ஆமாவா, இல்லீங்களா?

சிரிக்காதீங்க. அந்தச் சீட்ட அச்சடிச்ச அமெரிக்காக்காரன் இதக் கேட்டா அழுதுபோடுவான். அடிக்கப் போற ஆளுகிட்ட மன்னிப்புக் கேக்கறது ஒலகத்துலயே நம்ம கணபதி ஏரியாவுலதானுங்க நடக்கும்.

மனசுல பாம்பத்தான் நெனச்சீங்களா? நெனச்சிருப்பீங்க. கண்ணுகூட அக்கட்டால பாம்பு மேலதான் இருந்துச்சுன்னு அய்மன் சாட்சி சொல்றாரு. கண்ணெல்லாம் கணக்குல வராதுங்க. நீங்க மன்னிப்புக் கேட்டு முடிக்கறதுக்குள்ள எங்கண்ணன் பாம்பு மேல கவசச் சீட்டப் போட்டுப்போட்டான். கவசம் போட்டா முடிஞ்சுது. அப்புறம் அந்த ஆள யாரும் கை காட்ட முடியாது. அடிக்கறதுக்கும் முடியாது, மருந்து போடறதுக்கும் முடியாது. அந்தப் பாம்பே உங்க சீட்டுதானுங்க? எங்கண்ணன் கேட்டான்னு மாத்துக்கு ஒரு சீட்டுகூட வாங்காமத் தூக்கிக் குடுத்தீங்க. இப்ப அதே பாம்பு உங்களப் போட்டுக் கொத்துது.

என்னங்க, இப்படி ஒரு சட்டம் புஸ்தகத்துல இல்லீங்களா? எங்கிட்டயேவா? அந்த இங்கிலீஷ் புஸ்தகத்த உங்க மூணு பேருக்கும் படிச்சுச் சொன்னதே நான்தானுங்க. பேரு சொல்லலீன்னா சீட்டக் கையில திருப்பி எடுத்துக்கோணும், புஸ்தகத்துல அதுதான். அப்படி வெச்சா நீங்க எடுத்து எடுத்து வெச்சுட்டே இருக்கறீங்க. டிவியில சாயங்காலப் படம் போட்டு முடிஞ்சாலும் உங்க ஆட்டம் முடியறதில்ல. அதுக்குத்தான் பொங்கல் லீவுல நான் ஒரு சட்டம் போட்டேன். பேரு சொல்லாம எறக்குனா வரிசையில மொத ஆளு மேலதான் விழுகும். நல்ல சட்டம்னு மொதல்ல கை தட்டுனது நீங்கதானுங்க. அதனால இடி வேலுக்காரன் மேல. போயி அவனத் தூக்கி ஓரமா வெச்சுருங்க.

இருங்க, இருங்க. காப்பியக் குடிச்சுப்போட்டுப் போங்க. சக்கரை போதுங்களா? போதலீன்னாலும் போதும்னுதான் சொல்லுவீங்க. போன மாசம் வேணும்னே உப்பப் போட்டுக் குடுத்தேன். நல்லா இருக்குதுங்கன்னு குடிச்சு முடிச்சு, டம்ளரையும் கழுவி வெச்சுட்டுப் போனீங்க. அன்னிக்கு எனக்குச் சிரிப்பும் வந்துச்சு, கோவமும் வந்துச்சு. ஒரு மனுசன் உப்புன்னு சொல்றதுக்கா இத்தன யோசிப்பான்?

செரி, இன்னொரு கேஸ் இருக்குது. இது மாடிக் கேஸ் இல்லீங்க. புதங்கெழம எங்கப்பா பட்டறைக்குப் போயி என்ன பேசுனீங்க?

வேர்க்குதுங்களா? ஃபேனக் கூட வெக்கட்டுங்களா? அப்பா வந்து அப்படியே சொன்னாரு. நம்ம பவன் தம்பி வந்துச்சு, உங்க ஊட்ல பொண்ணெடுக்கோணும்னு நெம்ப நாளா ஆசைங்க, தப்பா நெனச்சுக்காதீங்கன்னு சொல்லுச்சுன்னு. அவ்வளவுதானுங்களா? அதுக்கு மேல ஒரு வார்த்த?

இந்த ஊட்ல ரெண்டு பொண்ணு இருக்குதுங்க.

எங்கப்பாவுக்குச் சீட்டும் தெரியாது, நான் போட்ட சட்டமும் தெரியாது. ஆனா அவரும் வரிசையில மொத ஆளத்தான் பாத்தாரு. காத்தால காந்திபுரம் போயி பூஜிதாக்காளுக்குச் சேலை எடுத்தாந்துட்டாரு. இதுதானுங்க அந்தச் சேலை. மாம்பழக் கலரு, நல்லா இருக்குதுங்களா? நாளைக்கு உங்க அம்மா அப்பா வர்றப்ப அக்கா கட்டிக்கோணுமாமா. அவ படிப்ப முடிக்காம கல்யாணமே வேண்டாம்னு ரூமுக்குள்ள மொகத்தத் தூக்கி வெச்சுட்டு உக்காந்திருக்கறா. நான் உக்காந்து அவளுக்கு ஃபால்ஸ் தெக்கறேன். எனக்கு அழுகையா வருதுங்க. நான் போட்ட சட்டம் என்ற தலையிலயே விழுகும்னு கண்டேனா?

நாளைக்குத் தட்டு மாத்திப்போட்டா அது கவசம் போட்ட மாதிரிதானுங்க. பொறவு நீங்களும் கை காட்ட முடியாது, நானும் ஒண்ணும் பண்ண முடியாது. நெசமாலுமே அக்காவத்தான் நெனச்சீங்கன்னா சொல்லிப்போடுங்க. கரை கோணாம தெச்சுக் குடுத்துர்றேன். இல்லீன்னா...

என்னங்க, எதுக்குக் கைய நீட்டறீங்க? டம்ளருங்களா? டம்ளர் இல்லீங்களா?

செரி. கைய எறக்குங்க. எறக்குங்க, யாராச்சும் பாத்துரப் போறாங்க. எனக்கு வெளங்கிப்போச்சு. அந்தக் கைய எங்கப்பா முன்னால நீட்டோணும். அக்காளுக்கு முன்னால எப்படின்னு கேப்பாரு, அதுக்கு அக்காளே பதில் வெச்சிருக்கறா. நீங்க நவ்யான்னு என் பேர மட்டும் சொல்லுங்க. தப்பா நெனச்சுக்காதீங்கன்னு மட்டும் ஆரம்பிச்சுறாதீங்க.

ஏனுங்க, அங்க எங்க போறீங்க? அது மாடிப்படிங்க. பட்டறை இந்தப் பக்கம்.