அவசரப்படாத விடுதலை

கலிஃபோர்னியாவில், லிவர்மோர் கோயில் கேன்டீனில் காபிக்கு நின்றிருந்தேன். எனக்கு முன்னால் நின்றவர் தன் மகளிடம் சொன்னார்: "அடிமைங்கள விடுதலை பண்ணணும்தான். ஆனா அவசரப்படக் கூடாது."

நான் போனைப் பைக்குள் போட்டேன்.

அவளுக்குப் பள்ளியில் டிபேட்டாம். அந்தக் காலத்து அமெரிக்காவில் அடிமை முறையை உடனே ஒழித்திருக்க வேண்டுமா, படிப்படியாகவா? அவள் பேச வேண்டியது படிப்படியாக ஒழிக்கும் கட்சிக்கு.

"ஓகே, பட் அதுவரைக்கும் அவங்க வெயிட் பண்ணணுமா?"

"ஸ்டெப் பை ஸ்டெப் போனாத்தான் ஓனர்ஸ் ஒத்துக்குவாங்க. அதான் ப்ராக்டிகல்."

பக்கத்திலிருந்த அவர் மனைவி மகளிடம் திரும்பினார். "உங்கப்பாவுக்கு இது நல்லா வரும். ஈரோட்டுல உங்க அப்பத்தா வீட்டுல, வேலை செய்யற பழனியம்மாவுக்குத் தனி டம்ளர். கல்யாணமாகி வந்த அன்னைக்கே நிறுத்தச் சொன்னேன். அம்மாகிட்ட மெதுவா சொல்லி மாத்தறேன்னாரு."

"மாத்தியாச்சில்ல? இப்ப அந்த டம்ளரே கிடையாது."

"ஆமா. இப்ப பேப்பர் கப்."

"அது கொரோனா டைம்ல சேஃப்டிக்குன்னு ஆரம்பிச்சது."

மகள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "அப்ப அப்பத்தாவுக்கும் பேப்பர் கப்பா?"

அதற்குள் அவர்கள் முறை வந்துவிட்டது. அவர் காபி வாங்கிக்கொண்டு திரும்பினார். கேன்டீனில் எல்லோருக்கும் பேப்பர் கப்தான். மனைவியும் மகளும் கை நீட்டவில்லை. முதலில் யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் அவர் அப்படியே நின்றுகொண்டிருந்தார்.