மேஜருக்கு நாளைக்கு இரண்டு ஊசி

நாய்க்கு ஊசி போடுவது ஒன்றும் கம்பசூத்திரம் இல்லை. சாப்பிட்டு முடித்ததும் கழுத்துக்குப் பின்னால் தோலைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக் குத்தினால் போதும், அது திரும்பிக்கூடப் பார்க்காது. எங்கள் மேஜருக்குச் சர்க்கரை வியாதி. காலை ஏழு மணிக்கு ஒன்று, மாலை ஏழு மணிக்கு ஒன்று. டிசம்பரில் ஜோகன்னஸ்பர்க்கில் நாய் விடுதிகள் நிரம்பி வழியும். ஊசி போடுகிற நாய் என்றால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். இதை முதலில் சொல்லிவிடுகிறேன், தம்பி. தொழிலாளர் தகராறு அலுவலகத்திலிருந்து வந்திருக்கிறீர்கள், நான் ஏதோ சொகுசுக்காக எங்கள் ஆயாவை இருக்கச் சொன்னேன் என்று எழுதிவிடாதீர்கள்.

என் பெயர் செகமெத்சி மொலேஃபே. மருந்து நிறுவனத்தில் மேலாளர், தேவாலயத்தின் மாதர் சங்கத்தில் செயலாளர். மாபுலெங் ஆறு வருடமாக என் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட ஆயா. எல்லைக்கு அந்தப் பக்கத்து லெசோத்தோ நாட்டுக்காரி. புலெங்கின் தாய் என்பதால் மாபுலெங். புகுந்த வீட்டில் அவர்கள் அப்படித்தான் பெயர் வைப்பார்கள். புருஷன் இல்லை. பன்னிரண்டு வயதுப் பெண்ணைப் புருஷனின் அண்ணன் மொகெதி ஊரில் வைத்து வளர்த்தார். வருடத்தில் டிசம்பர் ஒன்றில்தான் தாயும் பெண்ணும் பார்த்துக்கொள்வார்கள்.

என்னை அவள் 'அக்கா' என்றுதான் கூப்பிடுவாள். 'மேடம்' எல்லாம் பக்கத்து வீட்டு அனெலீ மாதிரி ஆட்களுக்கு. அந்த அனெலீ எங்கள் குடியிருப்புப் பெண்களின் வாட்ஸப் குழுவில் என்ன கேட்டாள் தெரியுமா? "நாய்க்குச் சோறு வெக்கிறதுக்குத் தனியா காசா? மாசச் சம்பளம் வாங்குறா, நாம ஊர்லயும் இல்ல, சும்மா டிவி பாத்துக்கிட்டுத்தானே கிடக்கப்போறா?" ஒயினுக்கு விலை பார்க்காத கை, ஆயாவுக்கு என்றால் நடுங்கும். குடியிருப்பின் பதினாறு வீட்டிலும் இதே லட்சணம்தான்.

நான்தான் பதில் போட்டேன். "பிள்ளை பாக்குறது ஒரு வேலை, நாய் பாக்குறது வேற வேலை, வீட்டுக்குக் காவலாத் தங்குறது மூணாவது வேலை. மூணையும் ஒரே சம்பளத்துல அமுக்காதீங்க." நாளுக்கு இரட்டைச் சம்பளம், சாப்பாட்டுச் செலவு தனி என்று நானே நிர்ணயித்தேன். வேண்டுமானால் அந்தப் பக்கத்தை உங்களுக்கு அனுப்புகிறேன்.

மாபுலெங்தான் முதலில் முரண்டு பிடித்தாள். பையெல்லாம் கட்டி வைத்திருந்தாள்.

"காசு வேணாம்க்கா. ஊருக்குப் போகணும். பிள்ள நாளை எண்ணிக்கிட்டு இருக்கு."

"எண்ணட்டும், கணக்கு நல்லா வரும். ஜனவரியில அவளைப் பெரிய பள்ளிக்கூடத்துல சேக்கணும்னியே, யூனிஃபார்மை எதை வெச்சு வாங்குவே?"

அவள் பையைப் பிரித்தாள். யாரும் கையை முறுக்கவில்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அவளுடைய ஃபோனின் கண்ணாடி நொறுங்கிக் கிடந்தது. நாங்கள் விடுமுறைக்குப் போகிற பாலிட்டோ கடற்கரையில் எங்களுக்குத் தெரிந்த ரிப்பேர்க்காரன் இருக்கிறான், மாற்றிக்கொண்டு வருகிறேன் என்று வாங்கிப்போனேன். மேஜரைத் தினமும் எனக்குக் காட்டுவதற்காக வீட்டிலிருந்த பழைய ஃபோன் ஒன்றைக் கொடுத்தேன். ஊர்க்காரர்களின் நம்பரெல்லாம் அவள் ஃபோனிலேயே இருந்தன. கண்ணாடி இரண்டாம் நாளே தயாராகிவிட்டது.

நான்காம் நாள் மொகெதி அவள் ஃபோனுக்குக் குரல் செய்தி அனுப்பியிருந்தார். பிள்ளைக்கு மூளைக்காய்ச்சல், ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம், உடனே புறப்பட்டு வா என்று. அடுத்ததில் அந்தப் பெண்ணே பேசியது. "அம்மா, எப்ப வர்றே? எனக்குத் தலை வலிக்குது." பதினொரு விநாடி. அழவில்லை. நல்ல வளர்ப்பு.

நான் யோசித்தேன். காய்ச்சல் எல்லாருக்கும்தான் வருகிறது. இதைச் சொன்னால் அவள் அடுத்த நிமிடம் பஸ் ஏறிவிடுவாள். மேஜர் இரண்டு நாளில் மயங்கி விழும். என் பிள்ளைகள் வருடம் முழுவதும் காத்திருந்த விடுமுறை அதோடு முடிந்தது. அன்று மாலை வீடியோவில் அவளே கேட்டாள்.

"ஃபோன் ரெடியாயிருச்சாக்கா? பிள்ளகிட்ட ஒரு வார்த்த பேசணும்."

"இன்னும் கண்ணாடி வந்து சேரலையாம். நீ மேஜரைக் காட்டு."

செவ்வாய்க்கிழமை பெண் இறந்துபோனது. எங்கள் ஜனங்களிடம் அடக்கம் சனிக்கிழமைதான். பிள்ளையைப் பறிகொடுத்தவள் அதுவரை தரையில் போட்ட மெத்தையில் உட்கார்ந்திருக்க வேண்டும், சுற்றிலும் பெண்கள். தாய் வந்து அந்த மெத்தையில் உட்காராமல் பிணத்தை எடுக்கமாட்டார்கள். எனக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. என் அண்ணன் வெளிநாட்டிலிருந்து வரும்வரை எங்கள் அப்பாவைப் பதினான்கு நாள் சவக்கிடங்கில் வைத்திருந்தோம். மொகெதி எழுதியிருந்தார்: "நீ வராம எடுக்க மாட்டோம். பதில் இல்லைன்னா வெள்ளிக்கிழமை நானே வந்து கூட்டிக்கிட்டுப் போறேன்."

அவர் வந்தால் அழைத்துக்கொண்டு போய்விடுவார். ஆகவே அவளுடைய ஃபோனிலிருந்து நான் எழுதினேன். அவர்களுடைய சொத்தோ மொழியும் எங்கள் ட்ஸ்வானாவும் ஒன்றுக்கொன்று பக்கம்தான், சிரமமில்லை. "எனக்காகக் காத்திருக்காதீங்க, அத்தான். இங்க வேலைய விட்டுட்டு வர முடியல. மெத்தையில வேற யாரையாவது உக்கார வெச்சு அடக்கம் பண்ணிடுங்க. ஜனவரியில வர்றேன்." மெத்தையைப் பற்றிச் சொல்லாமல் விட்டிருந்தால் அவர்கள் நம்பியிருக்க மாட்டார்கள்.

சனிக்கிழமை காலை வீடியோவில் அவள் மேஜருக்குக் கோழி வேகவைத்துக்கொண்டிருந்தாள், பாட்டுப் பாடியபடி. நல்ல குரல். நாய் வாலை ஆட்டிக்கொண்டிருந்தது. நாங்கள் வீட்டில் இல்லாத பதினெட்டு நாளில் ஒரு ஊசிகூடத் தவறவில்லை. அந்த விஷயத்தில் அவளை எப்போதும் மெச்சுவேன்.

ஜனவரியில் ஃபோனைக் கொடுத்தேன், தேவையில்லாததையெல்லாம் அழித்துவிட்டு. அந்த இரட்டைச் சம்பளத்தை உறையில் போட்டுக் கொடுத்தேன். அவள் கையிலிருந்த காசில் பெண்ணுக்குக் காலணி வாங்கிக்கொண்டு போனாள். ஊருக்குப் போய்த்தான் தெரிந்துகொண்டாள்.

ஒன்பதாம் நாள் திரும்பி வந்தாள். புகுந்த வீட்டில் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லையாம். நாயைப் பார்க்கப் பிள்ளையை விட்டவள் என்று ஊரே பேசுகிறதாம். மொகெதி அவள் முகத்தில் விழிப்பதில்லை. ஃபோன் உங்களிடம்தானே இருந்தது என்று அவள் சத்தம் போடவில்லை. உறையைப் பிரிக்காமல் சமையலறை மேசையில் வைத்தாள்.

"இது எனக்கு வேணாம்க்கா. நீங்கதான் எழுதினீங்கன்னு அத்தான்கிட்ட ஒரு வார்த்த சொல்லிருங்க. பிள்ளயோட குழிகிட்ட என்னை நிக்க விடுவாங்க. அது போதும்."

நான் சொல்லவில்லை. தேவாலயத்தில் எனக்கு ஒரு பெயர் இருக்கிறது. நாளைக்கு அந்த அனெலீ என்னைப் பார்த்துச் சிரிப்பாள்.

ஆமாம், எழுதியது நான்தான். அவளைக் கேட்டுவிட்டு எழுதியிருக்கலாமே என்கிறீர்கள். கேட்டிருந்தால் போயிருப்பாள், தம்பி. அதனால்தான் கேட்கவில்லை. இதை உங்கள் தாளில் எழுதிக்கொள்ளுங்கள், ஆனால் அந்த மொகெதியிடம் போய்ச் சொல்லும்படி என்னைக் கேட்காதீர்கள். ஒரு தாய்க்கு அடக்கத்துக்குப் போக முடியாமல் போனால் அதற்கு எவ்வளவு என்று உங்கள் அலுவலகத்தில் ஏதாவது விகிதம் வைத்திருப்பீர்கள். பார்த்துச் சொல்லுங்கள். அதிலும் நான் இரட்டிப்பாகவே கொடுப்பேன். ஆயா விஷயத்தில் அநியாயம் செய்தேன் என்று என்னை ஒருவரும் இதுவரை சொன்னதில்லை.