மென்மையாக நிறுத்தும் முறை

வீட்டில் இணையம் நின்றுபோனால், கையில் இருக்கும் வேலையை அப்படியே போட்டுவிட்டு ஓடி வருகிறவன் நான். “அண்ணன்னா இப்படி இருக்கணும்” என்று அத்தை ஊரெல்லாம் சொல்லி மாய்ந்துபோவார். நானும் மறுத்ததில்லை.

சர்வர்களைக் கட்டி மேய்ப்பது என் தொழில். வீட்டிலும் ஒரு ப்ராக்ஸி சர்வர் வைத்திருக்கிறேன். வாசலில் நிற்கும் ஆள் மாதிரி அது. வீட்டிலிருந்து எந்தச் செய்தி வெளியே போனாலும் அதன் கைவழியாகத்தான் போக வேண்டும். கண்ட கண்ட இணைய மோசடியிலும் அப்பா போய் விழாமலிருக்க வைத்தது. பக்கவாதத்தில் அவரே படுக்கையில் விழுந்த பிறகும் நான் அதை எடுக்கவில்லை. நல்லதாகப் போயிற்று.

தங்கை கெட்டிக்காரி. வெளிநாட்டில் வேலை தேடினாள். தேடட்டும், யார் வேண்டாம் என்றது? ஆனால் அவள் போய்விட்டால் அப்பாவைப் புரட்டிப் படுக்க வைப்பது யார்? எனக்கோ இடுப்புவலி.

இணையவழியில் அவளுக்கு முதல் நேர்காணல் நடந்த அன்று, பக்கத்து அறையில் உட்கார்ந்து ப்ராக்ஸியை நிறுத்தும் கட்டளையைத் தட்டினேன். மென்மையாக நிறுத்தத்தான் சொன்னேன்; முரட்டுத்தனம் என் சுபாவத்தில் இல்லை. அதில் ஒரு சங்கடம்: நடக்கிற பேச்சு முடியும்வரை அது பொறுத்திருக்கும். தங்கை பேசி முடித்து, சிரித்தபடி வெளியே வந்தாள். அடுத்த சுற்றுக்கும் தேர்வானாள்.

அடுத்த சுற்றில் ஒரே போடாகப் போட்டேன். கண் மூடித் திறப்பதற்குள் ப்ராக்ஸி எழுந்து உட்கார்ந்துவிட்டது. செத்தால் உடனே எழுப்புவதற்கென்று ஒரு கண்காணிப்பு நிரலை வைத்தவனே நான்தான். சொந்தச் செலவில் சூனியம். அதை முதலில் தூங்க வைத்துவிட்டு, மறுபடியும் போட்டேன்.

“அண்ணா, நெட் போச்சு. சீக்கிரம் வந்து பாரேன்.”

“இதோ வந்துட்டேன்மா.”

ஒயரைப் பிடுங்கினேன், ஊதினேன், செருகினேன், நெற்றி வியர்வையைத் துடைத்தேன். எதிர்முனையில் இருந்தவர்கள் பொறுமையிழந்து போன பிறகு சரியாக்கிக் கொடுத்தேன்.

“நீ இல்லேன்னா நான் என்னண்ணா பண்ணுவேன்” என்றாள்.

பிறகு வந்த நேர்காணல்களுக்கும் அதே வைத்தியம். கைபேசி சிக்னல் எங்கள் வீட்டுக்குள் எட்டிப் பார்க்காது. தோழி வீட்டுக்குப் போய்ப் பேசுவதாகச் சொன்னாள். “அப்பாவைத் தனியா விட்டுட்டா போவே?” என்று பாசமாகத்தான் கேட்டேன். போகவில்லை.

கடைசி முறை திரை உறைந்தபோது அவள் என்னைக் கூப்பிடவே இல்லை. மடிக்கணினியை மூடிவிட்டு, அப்பாவின் முதுகுக்குப் பவுடர் போடப் போனாள். “விடுண்ணா. எனக்குக் கொடுத்து வைக்கல” என்றாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டு இணையம் ஒரு நொடிகூட நின்றதில்லை.

போன வாரம் வெளிநாட்டு வேலை ஒன்றுக்கு எனக்கு நேர்காணல் நடந்தது. இருமல் சத்தம் கேட்டுவிடக் கூடாதென்று அப்பாவின் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, உள்ளேயே உட்கார்ந்திருந்தாள் தங்கை. வேலை கிடைத்துவிட்டது. “உனக்காவது நடந்துச்சே” என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

இப்போது பெட்டி கட்டிக்கொண்டிருக்கிறேன். சின்னப் பெண், இத்தனை பெரிய வீட்டில் தனியாக விட்டுப் போகிறோமே என்றுதான் மனசு அடித்துக்கொள்கிறது. நல்லவேளை, துணைக்கு அப்பா இருக்கிறார்.